காத்திருக்க வைக்கும் தவளையும் காத்திருக்கும் பூனையும்

கைபேசி விளையாட்டுகளில், வெல்வதற்கும் தோற்பதற்கும் எதுவுமே இல்லாத ஒரு வகை உண்டு. அதில் எதிரி கிடையாது, கடக்க வேண்டிய கட்டங்கள் கிடையாது, விதிமுறை என்று சொல்லிக்கொள்ளும்படியாகவும் பெரிதாக ஒன்றும் கிடையாது. திரையில் ஒரு பூனையோ தவளையோ உருண்டையான ஏதோ ஓர் உயிரோ இருக்கும், அதற்கு உணவு கொடுக்கலாம், குளிப்பாட்டலாம், தூங்க வைக்கலாம், தடவிக்கொடுத்தால் அது சிரிக்கும், அவ்வளவுதான். திறந்து மூட ஒரு நிமிடம்கூடத் தேவைப்படாத இந்தக் காரியத்துக்காக ஒருவர் நாளுக்குப் பலமுறை கைபேசியை எடுப்பதும், வேலை நடுவே அந்தப் பிராணி பசியோடிருக்குமே என்று நினைத்துக்கொள்வதும் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு விளங்காத செய்கையாகத் தோன்றலாம். ஆயினும் அந்த ஈர்ப்புக்குப் பின்னால் ஏறக்குறைய முப்பதாண்டு வரலாறும், நன்கு ஆராயப்பட்ட உளவியலும், கறாரான வணிகக் கணக்கும் இருக்கின்றன.

இரண்டு தனித்தனிப் போக்குகள் இவ்விளையாட்டுகளில் இணைந்திருக்கின்றன. ஒன்று, தொழில் வட்டாரத்தில் 2017 வாக்கில் ‘ஹைப்பர்-கேஷுவல்’ என்று பெயர் பெற்ற மீஎளிய விளையாட்டு முறை. யாரும் சொல்லிக்கொடுக்காமலே சில நொடிகளில் பிடிபட்டுவிடும், ஒற்றை விரலால் ஆடக்கூடிய, இலவசமாகக் கிடைத்து வருமானத்தைப் பெரும்பாலும் விளம்பரத்திலிருந்தே ஈட்டும் விளையாட்டுகளை இப்பெயர் குறிக்கிறது. அந்தப் பெயர் பிறப்பதற்கு முன்பே வியட்நாமைச் சேர்ந்த டோங் நுயென் 2013இல் வெளியிட்ட ‘ஃப்ளாப்பி பேர்ட்’ இம்முறையின் வலிமையைக் காட்டிவிட்டது. விளம்பரத்தால் நாளொன்றுக்குச் சுமார் 50,000 டாலர் வருவதாக அவர் ஒரு பேட்டியில் கூறிய சில நாட்களிலேயே, மக்கள் அதற்கு அடிமையாகிறார்கள் என்று சொல்லி 2014 பிப்ரவரியில் அவரே அதை விலக்கிக்கொண்டார். மற்றொன்று ‘மெய்நிகர் துணை’, அதாவது நிரலால் உருவான ஓர் உயிரைப் பேணி வளர்த்து அதனோடு பழகும் விளையாட்டு. இவ்விரண்டும் இயல்பில் முரண்பட்டவை. மீஎளிய விளையாட்டைத் தரவிறக்கியவர் சில நாட்களில் சலித்து அழித்துவிடுவார் என்பதே அத்தொழிலின் எதிர்பார்ப்பு. துணையோ நாள்பட நாள்படத்தான் துணையாகும். இந்த முரண்பாட்டை ஒரு விளையாட்டு எப்படித் தீர்த்துக்கொள்கிறது என்பதில்தான், குறிப்பாக ஆடுபவர் அருகில் இல்லாத நேரத்தை அது எப்படி நடத்துகிறது என்பதில்தான், அதன் நன்மையும் தீமையும் பெரும்பாலும் முடிவாகின்றன.

மெய்நிகர் பிராணியின் வரலாறு கைபேசிக்கு முந்தியது. ஜப்பானின் பண்டாய் நிறுவனம் 1996 நவம்பரில் வெளியிட்ட ‘தமகோச்சி’, யோகோய் அகிஹிரோ, மைதா அகி ஆகியோரின் கருத்தில் உருவான, மூன்று பொத்தான்கள் மட்டுமே கொண்ட முட்டை வடிவப் பொம்மை. அதன் சிறு திரையில் பொரிந்து வரும் குஞ்சு பசித்தால் ஒலியெழுப்பும், கழிவை அகற்றாவிட்டால் நோயுறும், கவனிக்காமல் விட்டால் சில மணி நேரத்திலேயே இறந்தும் போகும். வேண்டும்போது நிறுத்திவைக்கும் வசதி முதல் பதிப்பில் இல்லாததால் பிள்ளைகள் அதைப் பள்ளிக்கு எடுத்துச் சென்றார்கள். வகுப்பு நடுவே ஒலித்ததால் பல நாடுகளில் பள்ளிகள் அதற்குத் தடை விதித்தன. அலுவலகம் போகும் பெற்றோர் பையிலும் அது ஏறியது. ஜப்பானியப் பதிப்பில் இறந்த பிராணிக்குக் கல்லறையும் ஆவியும் தோன்ற, அமெரிக்கப் பதிப்பில் அது சிறகு முளைத்த தேவதையானது. பல லட்சக்கணக்கான மனித-மணி நேர உழைப்பை இல்லாத பிராணிகளின் பராமரிப்புக்குத் திருப்பிவிட்டதற்காக 1997இல் யோகோய்க்கும் மைதாவுக்கும் பொருளாதாரத்துக்கான இக் நோபல் என்னும் கேலிப்பரிசு வழங்கப்பட்டது. சிரிக்க வைப்பதற்காகத் தரப்பட்ட பரிசுதான் என்றாலும், பின்னாளில் கைபேசி நிறுவனங்கள் எதை விற்கப் போகின்றன என்பதை அதைவிடச் சுருக்கமாக எவரும் சொல்லவில்லை.

இவ்வளவு சாதாரணமான படத்தின் மீது மனிதருக்கு ஏன் பாசம் வருகிறது என்ற கேள்விக்கு ஆஸ்திரிய விலங்கியலாளர் கொன்ராட் லோரன்ஸ் 1943இல் முன்வைத்த கருத்து ஒரு பகுதி விடையைத் தருகிறது. பெரிய தலை, அகன்ற கண், உப்பிய கன்னம், குட்டையான கைகால் ஆகிய மழலைக்குரிய அடையாளங்களைக் கண்டதுமே பேணிக்காக்கும் உந்துதல் தன்னிச்சையாக எழுகிறது என்பது அவர் கருத்து; துணை விளையாட்டுகளின் பிராணிகள் பெரும்பாலும் இந்த அளவுகளின்படியே வரையப்படுகின்றன. ஆனால் தோற்றம் மட்டும் போதுமானால் ஓர் அழகிய படமே போதும். தமகோச்சி, ஃபர்பி போன்ற பொம்மைகளோடு பிள்ளைகள் பழகிய விதத்தை ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் ஷெர்ரி டர்க்கிள் கவனித்தது இதைவிட நுட்பமானது: ஒரு பொருள் நம்மைப் பார்த்துக்கொள்வதால் அல்ல, நாம் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால்தான் அதன்மேல் பற்று வளர்கிறது. உணவும் உறக்கமும் கேட்கும் ஒன்றுக்கு நேரம் செலவிடச் செலவிட, அந்தச் செலவே அதற்கு மதிப்பைக் கூட்டுகிறது. திரையில் இருப்பது வெறும் எண்களின் ஏற்ற இறக்கம் என்று நன்றாகத் தெரிந்த பெரியவர்களிடமும் இது குறைவதில்லை.

இதற்குச் சற்றே விபரீதமான சான்று ஒன்றுண்டு. முகநூல் விளையாட்டுகளைப் பகடி செய்யும் நோக்கில், அமெரிக்கப் பேராசிரியரும் விளையாட்டு வடிவமைப்பாளருமான இயன் போகோஸ்ட் 2010இல் ‘கவ் கிளிக்கர்’ என்ற ஒன்றை உருவாக்கினார். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு மாட்டின் படத்தைச் சொடுக்கலாம் என்பதைத் தவிர அதில் வேறெதுவும் இல்லை. பகடி என்று தெரிந்தும் பல்லாயிரம் பேர் அதை ஆடினார்கள். 2011 செப்டம்பரில் போகோஸ்ட் மாடுகளை எல்லாம் மறையச் செய்த பிறகும், மாடு நின்ற வெற்றிடத்தைச் சிலர் தொடர்ந்து சொடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

மீஎளிமையும் துணையும் பகைக்காமல் பொருந்திய அரிய எடுத்துக்காட்டுகள் ஜப்பானின் ஹிட்-பாயிண்ட் என்ற சிறு நிறுவனத்திடமிருந்து வந்தன. 2014இல் வெளியான அதன் ‘நெகோ அத்சுமே’யில் ஆடுபவர் செய்ய வேண்டியது, ஒரு வீட்டு முற்றத்தில் கொஞ்சம் தீனியும் பந்து, மெத்தை போன்ற சில பொருட்களும் வைத்துவிட்டுச் செயலியை மூடிவிடுவது மட்டுமே. திறந்து பார்த்துக்கொண்டே இருந்தால் பூனை வராது; பார்க்காதபோது வந்து, விளையாடி, தின்று, நன்றிக் காணிக்கையாக வெள்ளி நிறத்திலும் பொன் நிறத்திலும் கருவாட்டை விட்டுச்செல்லும். வந்த பூனையைப் படமெடுத்துத் தொகுப்பில் சேர்க்கலாம், அதற்குப் பெயரிடலாம். எந்தப் பூனைக்கு எந்தப் பொருள் பிடிக்கும் என்பதைப் பொறுமையாகக் கண்டுபிடிக்கலாம். பூனை எவருக்கும் சொந்தமில்லை, பட்டினி கிடப்பதுமில்லை. எழுத்து வராமல் தவிக்கும் நாவலாசிரியர் ஒருவரின் வீட்டுக்குப் பூனைகள் வருவதாக இதை வைத்து 2017இல் ஜப்பானில் திரைப்படமும் எடுக்கப்பட்டது.

அதே நிறுவனம் 2017 இறுதியில் வெளியிட்ட ‘தபிகாயேரு’, அதாவது பயணம் போகும் தவளை, இன்னும் ஒரு படி மேலே சென்றது. கல்லாலான ஒரு குடிலில் ஒரு தவளை வசிக்கிறது. தோட்டத்தில் முளைக்கும் மூவிலை க்ளோவர்களைப் பறித்து, அவற்றை நாணயமாகக் கொண்டு கட்டுச்சோறும் தாயத்தும் பயணப் பொருட்களும் வாங்கி அதன் பையில் வைக்க வேண்டும். தவளை எப்போது கிளம்பும், எங்கே போகும், எப்போது திரும்பும் என்பது ஆடுபவர் கையில் இல்லை. சில மணி நேரத்தில் வரலாம், சில நாட்களும் ஆகலாம். வரும்போது ஜப்பானின் ஏதோ ஓர் ஊரில் எடுத்த படத்தையும் அவ்வூர்த் தின்பண்டத்தையும் கொண்டுவரும். வீட்டில் இருக்கும்போதும் அது தன்பாட்டுக்குப் படித்துக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருக்கும், ஆடுபவரை ஏறிட்டும் பார்க்காது. காசு கொடுத்துக் க்ளோவர் வாங்கும் வழி உண்டு என்றாலும், காசு கொடுத்துத் தவளையை உடனே திரும்பி வரவைக்கும் பொத்தான் கிடையாது.

ஜப்பானிய மொழியில் மட்டுமே இருந்த இந்த விளையாட்டு 2018 ஜனவரியில் சீனாவின் ஆப்பிள் செயலிக் கடையில் இலவசப் பட்டியலின் முதலிடத்துக்கு ஏறியது. மொழி தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் விளக்கப்படம் வரைந்து பகிர்ந்துகொண்டார்கள், தவளையைத் தங்கள் பிள்ளை என்றே அழைத்தார்கள். ஜப்பானில் வெளியூர் போய்வரும் கணவனாகப் பார்க்கப்பட்ட தவளை சீனாவில் பிள்ளையாகப் பார்க்கப்படுகிறது என்ற ஒப்பீடு அப்போது பரவலாகப் பேசப்பட்டது. ஒற்றைக் குழந்தைக் கொள்கையின் காலத்தில் பிறந்து, பெற்றோரை ஊரில் விட்டுவிட்டுப் பெருநகரங்களில் நீண்ட நேரம் உழைக்கும் இளைஞர்கள், பிள்ளை போனபின் வாசலைப் பார்த்திருக்கும் பெற்றோரின் நிலையைத் தவளையின் மூலம் உணர்ந்தார்கள் என்று எழுதியவர்களும் உண்டு. அந்த விளக்கம் சற்று மிகையாகவே இருக்கலாம். ஆனால் தன்னிடம் எதையும் கேட்காத ஒன்றுக்காகக் காத்திருப்பது, எல்லாத் திசையிலிருந்தும் கேட்கப்பட்டுக்கொண்டே இருக்கும் ஒருவருக்கு ஓய்வாக இருந்திருக்கும் என்பதை நம்புவது கடினமல்ல. அதே ஆண்டு ஏப்ரலில் அலிபாபா நிறுவனம் சீனப் பதிப்புக்கான உரிமையைப் பெற்றது.

எதையும் கேட்காத இத்தகைய துணைகளுக்கு எதிர்முனையில் இருப்பவை எண்ணிக்கையில் மிக அதிகம். ஸ்லோவேனியாவில் தொடங்கப்பட்ட அவுட்ஃபிட்7 நிறுவனம் 2010இல், பேசியதைக் கீச்சுக்குரலில் திருப்பிச் சொல்லும் ‘டாக்கிங் டாம்’ என்ற பூனையை அறிமுகப்படுத்தியது. 2013இல் அதே பூனையைக் குட்டியிலிருந்து வளர்க்கும் ‘மை டாக்கிங் டாம்’ வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த ‘போவ்’, உருளைக்கிழங்கு போன்ற ஒரு பழுப்பு உருவத்தை வைத்து இதையே செய்தது. இவற்றில் பிராணி சாவதில்லை. பசி, உறக்கம், தூய்மை, மகிழ்ச்சி ஆகியவற்றைக் காட்டும் அளவுகோல்கள் மட்டும் கடிகாரத்தோடு சேர்ந்து இறங்கிக்கொண்டே இருக்கும், ஆடுபவர் திரும்பி வரும்வரை பூனை வாடிக் காத்திருக்கும். அவுட்ஃபிட்7 நிறுவனம் 2017 தொடக்கத்தில் சுமார் 100 கோடி டாலருக்கு ஆசிய முதலீட்டாளர் குழு ஒன்றுக்குக் கைமாறியது. அவ்வளவு விலை கொடுத்து வாங்கப்பட்டது பூனையின் ஓவியத்தை அல்ல. அதைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கும் கோடிக்கணக்கானோரின் பழக்கத்தையே.

அந்தப் பழக்கத்தை அளக்கத் தொழிலில் ஓர் அலகு இருக்கிறது. இன்று நிறுவியவர்களில் எத்தனை விழுக்காட்டினர் நாளையும், ஏழாம் நாளும், முப்பதாம் நாளும் திறக்கிறார்கள் என்பதே அது. இதைத் தக்கவைப்பு விகிதம் என்பார்கள். விளம்பரத்தால் பிழைக்கும் விளையாட்டில் ஒவ்வொரு திறப்பும் ஒரு விளம்பர வாய்ப்பு என்பதால், ஆடுபவர் போகாமல் இருக்கவும் போனால் விரைவில் திரும்பவும் செய்வது வடிவமைப்பாளரின் முதற்கடமையாகிவிடுகிறது. ஆப்பிள் நிறுவனம் 2021 ஏப்ரலில், செயலிகள் பயனரின் நடவடிக்கையைப் பிற செயலிகளிலும் பின்தொடர வேண்டுமானால் வெளிப்படையாக அனுமதி கேட்டாக வேண்டும் என்று கட்டாயமாக்கியபோது, குறிபார்த்து விளம்பரம் செய்து குறைந்த செலவில் ஆள் சேர்க்கும் வழி குறுகியது. புதியவர்களைச் சேர்ப்பது கடினமானதும் இருப்பவர்களை நெடுநாள் பிடித்துவைக்கும் அவசியம் கூடியது. துணைப் பிராணி இதற்கு வாகான கருவி. புதிர் விளையாட்டை அழிப்பவருக்குக் குற்றவுணர்வு வருவதில்லை, பூனைக்குட்டியை அழிப்பவருக்கு வருகிறது.

இதற்குக் கையாளப்படும் உத்திகள் சிலவற்றை அறிந்துகொண்டால் அவை எதிர்ப்படும்போது அடையாளம் காண்பது எளிது. தினமும் திறந்தால் பரிசு கூடிக்கொண்டே போய், ஒருநாள் தவறினால் தொடக்கத்துக்கே திரும்பிவிடும் தொடர்வருகைக் கணக்கு ஒன்று. பெறுவதன் மகிழ்ச்சியைவிட இழப்பதன் வருத்தம் மனிதரிடம் ஆழமாகப் பதிகிறது என்று உளவியலாளர்கள் கானெமனும் ட்வெர்ஸ்கியும் 1979இல் விளக்கிய மனப்போக்கையே இது பயன்படுத்துகிறது. முப்பது நொடி விளம்பரம் பார்த்தால் பிராணிக்கு மருந்தோ நாணயமோ தரும் பரிசு விளம்பரம் வேறொன்று. ‘காச்சா’ எனப்படுவது இவற்றினும் கூர்மையானது: ஜப்பானியக் கடைத்தெருக்களில் நாணயம் போட்டுக் கைப்பிடியைத் திருப்பினால் ஏதோ ஒரு பொம்மை விழும் இயந்திரத்தைப் போல, காசு கட்டினால் பிராணிக்கு அரிய ஆடையோ அணியோ கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். பரிசு எப்போது வரும் என்று தெரியாதபோதுதான் உயிரினங்கள் விடாப்பிடியாக முயல்கின்றன என்பது உளவியலாளர் ஸ்கின்னரின் ஆய்வுகளால் நிறுவப்பட்டதாகும். காச்சாவின் ஒரு வடிவத்துக்கு ஜப்பான் 2012லேயே முடிவு கட்டியது. பணம் கொடுத்து வாங்கும் இத்தகைய அதிர்ஷ்டப் பெட்டிகளைச் சூதாட்டச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று 2018இல் பெல்ஜியம் அறிவித்தது.

இந்த உத்திகள் பெரியவர்களுக்குத் தொல்லை, குழந்தைகளுக்கு அதைவிட அதிகம். பேசும் பூனையின் ரசிகர்களில் பலர் விளம்பரத்துக்கும் விளையாட்டுக்கும் உள்ள எல்லைக்கோட்டை இன்னும் அறியாதவர்கள். பூனை சோகமாக இருக்கிறது என்பதும், பூனைக்கு இதை வாங்கு என்பதும் அவர்களுக்கு ஒரே குரலில் கேட்கின்றன. 2015இல் ‘மை டாக்கிங் டாம்’ செயலிக்குள் பெரியவர்களுக்கான உறவுத்தேடல் தளம் ஒன்றின் விளம்பரம் தோன்றியதாகப் பெற்றோர் முறையிட்டபோது, பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் விளம்பரதாரருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. விளையாட்டை உருவாக்கியவர்கள் கையால் தேர்ந்து போட்ட விளம்பரம் அல்ல அது; நொடிக்கு நொடி ஏலம்போகும் விளம்பர இடத்தில் எது வந்து அமரும் என்பதை ஒருவருமே முன்கூட்டிப் பார்ப்பதில்லை என்பதுதான் சிக்கல். இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவைப் பெறப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்றும், அவர்களைப் பின்தொடர்வதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது என்றும் கூறுகிறது. அம்மாவின் கைபேசியில், அம்மாவின் கணக்கில் ஆடும் ஐந்து வயதுக் குழந்தையைச் சட்டம் எப்படி அடையாளம் காணும் என்பதை நடைமுறைதான் காட்ட வேண்டும்.

இவற்றால் எல்லாத் துணை விளையாட்டுகளும் தீயவை என்றோ, அவற்றை ஆடுவோர் நோயாளிகள் என்றோ கொள்வது தவறு. உலகச் சுகாதார நிறுவனம் தனது நோய் வகைப்பாட்டில் சேர்த்துள்ள விளையாட்டுக் கோளாறு, கட்டுப்பாடு இழந்து வாழ்வின் மற்றப் பணிகள் சிதையுமளவுக்கு, பொதுவாக ஓராண்டு அளவில் நீடிக்கும் நிலையையே குறிக்கிறது. பேருந்துக்குக் காத்திருக்கையில் பூனைக்குத் தீனி வைப்பது அதில் சேராது. நாய் பூனை வளர்க்க இடமில்லாத வாடகை வீட்டிலும், அனுமதியில்லாத விடுதியிலும் இருப்பவர்களுக்கு இது எளிய ஆறுதல். ‘ஃபின்ச்’ போன்ற செயலிகளில், ஆடுபவர் தண்ணீர் குடித்தல், படுக்கையைச் சரிசெய்தல் போன்ற தனது சொந்தக் கடமைகளை முடித்தால்தான் திரையில் உள்ள பறவைக்குஞ்சு உலாவப் போகும். சோர்ந்து கிடக்கும் நாளில் தனக்காகச் செய்யத் தோன்றாததைக் குஞ்சுக்காகச் செய்துவிடும் மனித இயல்பு அங்கே ஆடுபவருக்கே பயன்படுகிறது. செய்யத் தவறினாலும் குஞ்சு சாவதில்லை. ஒரு விளையாட்டு எவ்வகையைச் சேர்ந்தது என்று அறிய விரும்புபவர் அதை மூன்று நாள் திறக்காமல் விட்டு, இடையில் எத்தனை அறிவிப்புகள் வருகின்றன, திரும்பித் திறந்ததும் முதலில் வரவேற்கிறதா, கணக்குக் கேட்கிறதா என்று பார்த்தால் போதும்.

பணம் செலவழித்து வளர்த்த துணை எவருடையது என்ற கேள்வியைப் பலர் தொடக்கத்தில் எண்ணிப் பார்ப்பதில்லை. தமகோச்சி இறந்தாலும் பொம்மை கையில் இருந்தது. செயலிப் பிராணியோ நிறுவனத்தின் வழங்கியில், அதாவது தொலைவிலுள்ள அதன் கணினிகளில் வாழ்கிறது, ஆடுபவர் வாங்கியது பயன்படுத்தும் உரிமையை மட்டுமே. உரையாடும் துணையான ‘ரெப்ளிகா’ 2023 பிப்ரவரியில் தன் துணைகளின் பேச்சைக் கட்டுப்படுத்தியபோது, இரவோடிரவாக வேறொருவராகிவிட்ட துணையை எண்ணிப் பலர் துயருற்றது, எளிய பிராணி விளையாட்டுகளுக்கும் பொருந்தும் எச்சரிக்கை. கணக்கு கட்டுப்படியாகாவிட்டால் வழங்கி அணைக்கப்படும், பிராணி அத்தோடு போகும். நிண்டெண்டோ 2017இல் தொடங்கிய ‘அனிமல் கிராசிங்: பாக்கெட் கேம்ப்’ என்ற விளையாட்டும், விலங்கு நண்பர்களோடு முகாமிட்டு வாழும் இலவச விளையாட்டாக, உள்ளே பொருள் விற்றே நடந்துவந்தது. 2024 நவம்பரில் அதன் சேவையை நிறுத்தியபோது நிறுவனம் வழக்கத்துக்கு மாறான ஒன்றைச் செய்தது: ஒரே ஒருமுறை விலை கொடுத்து வாங்கி, இணையமின்றி ஆடத்தக்க தனிப் பதிப்பை வெளியிட்டு, பழைய முகாமையும் நண்பர்களையும் அதற்கு மாற்றிக்கொள்ள வழி தந்தது. தினமும் வரவழைத்து விற்க வேண்டிய தேவை நீங்கியதால் உள்ளே பணத்துக்கு விற்றுவந்த விளையாட்டு நாணயச் சீட்டுகளும் அந்தப் பதிப்பில் இல்லாமற் போயின. பழைய விளையாட்டுக்குக் காசு கட்டி வந்தவர்களுக்குத் தாங்கள் இத்தனை ஆண்டுகள் எதற்குக் கட்டினோம் என்பது அப்போது தெரிந்திருக்கும்.